ஒரே ஆயுளில் நான்கு முறை மாறிய வழிபாடு: டியூடர் கால இங்கிலாந்தின் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி | தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். டியூடர் கால இங்கிலாந்தைப் பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். அரண்மனைக் கதை, ராணிகள் கதை எல்லாம் ஓரளவு தெரிந்துவிட்டது. பிடிபடாமல் இருப்பது ஊர்க்கோயில் கதை.

1520-இல் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் பிறந்தாள் என்று வைத்துக்கொள்வோம். சிறுமியாக இருக்கும்போது லத்தீன் பூசை, சுரூபங்கள் என்ற புனிதர் சிலைகள், அவற்றின் முன் எரியும் மெழுகுவர்த்திகள். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது, 1534-இல், போப்புக்கு இங்கே அதிகாரம் இல்லை, எட்டாம் ஹென்றிதான் திருச்சபைக்குத் தலைவர் என்று சட்டம் வருகிறது. அவள் முப்பதை நெருங்கும்போது ஹென்றியின் மகன் எட்வர்டின் ஆட்சியில் பூசையே போய், ஆங்கில ஜெபப் புத்தகம் வருகிறது. 1553-இல் மேரி பட்டத்துக்கு வந்ததும் பழையபடி லத்தீன் பூசை. 1559-இல் எலிசபெத்தின் சட்டத்தால் மறுபடியும் ஆங்கிலம். அவளுக்கு நாற்பது வயது ஆவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது.

இதை ஜனங்கள் எப்படித் தாங்கினார்கள்? மேலே இருப்பவர் எதைச் சொன்னாலும் சரி என்று போகும் அளவுக்குத்தான் பக்தி இருந்ததா? இல்லை, பயந்து வாயை மூடிக்கொண்டார்களா? ராஜாவின் விவாகரத்துப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். கோயில் கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1 | கரிகாலன்

வாயை மூடிக்கொண்டார்கள் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பெரிய கிளர்ச்சிகள் நடந்தன. 1536 அக்டோபரில் லிங்கன்ஷயரின் லௌத் ஊரில் ஆரம்பித்து, யார்க்ஷயர் முழுக்கப் பரவியது ஒன்று. மடங்களை மூடுவதற்கு எதிராக எழுந்த கூட்டம் அது. தலைவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர். கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் கொடியில் வரைந்துகொண்டு முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அதைத் தடுக்கும் அளவுக்கு அரசரிடம் படை இல்லை. வாக்குறுதி கொடுத்துக் கலைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆஸ்க்கை யார்க் நகரில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

1569-இல் வடக்கே மறுபடியும் ஒரு கிளர்ச்சி. டர்ஹம் பேராலயத்துக்குள் புகுந்து ஆங்கில வேதாகமத்தைக் கிழித்துப் போட்டு, லத்தீன் பூசை நடத்தினார்கள். அது அடங்கிய பிறகு ஊர் ஊராக நூற்றுக்கணக்கானோரைத் தூக்கில் போட்டார்கள். இதைப் பார்த்த பிறகு பக்கத்து ஊர்க்காரன் என்ன செய்வான்? பயம்தான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

பதில் 2 | ஏட்டுக்காரி

கரிகாலன் சொன்ன பயத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் தேன்மொழி கேட்பது கோயில் கதவுக்கு உள்ளே நடந்ததை. அதற்குப் பதில் பங்குக் கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது (பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்). நான் இங்கிலாந்தில், சஃபோக் பகுதியில் வசிக்கிறேன். இங்கே வந்த பிறகு பற்றிக்கொண்ட ஆர்வம் இது: அச்சில் கிடைக்கும் பழைய கோயில் கணக்குகளைத் தேடித் தேடி வாசிப்பது. அவற்றில் என் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள டெவனின் வடபகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் மோர்பாத் என்று ஒரு சிற்றூர். அன்றைக்கு 33 குடும்பங்கள்தான். 1520-இல் கிறிஸ்டபர் ட்ரிக்கி என்ற சாமியார், அதாவது பாதிரியார், அங்கே பொறுப்பேற்றார். 1574 வரை, 54 ஆண்டுகள், அவர்தான் பங்குச் சாமியார். தேன்மொழி அடுக்கிய அத்தனை மாற்றங்களும் அந்த ஊரில் இவர் ஒருவர் கையால் நடந்தன. ஊர்க் கோயிலின் வரவு செலவையும் அவரே எழுதினார். எழுதியதை ஜனங்கள் முன் சத்தமாக வாசித்தார். அந்தக் கணக்கு இன்றைக்கும் இருக்கிறது.

முதலில் அந்தக் கோயில் எதனால் நடந்தது என்று பாருங்கள். கோயிலுக்குச் சொந்தமாக ஆடுகள் உண்டு, ஆனால் தனி மந்தை கிடையாது. இந்த வீட்டில் ஒன்று, அந்த வீட்டில் இரண்டு என்று ஊரார் தங்கள் ஆடுகளோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசு கோயிலுக்கு. கல்யாணமாகாத இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, அவரவர் நிதிக்கு அவரவரே பொறுப்பு. அதிலிருந்துதான் சுரூபங்களின் முன் விளக்கு எரிந்தது. வருடம் ஒருமுறை ஏல் என்ற பார்லி மதுவைக் காய்ச்சி, ஊரையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு விருந்து வைத்து, மிஞ்சிய லாபத்தைக் கோயில் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் சர்ச் வார்டன் பொறுப்பு வீட்டுக்கு வீடு முறை வைத்து வந்தது. விதவைகளும் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள்.

எக்ஸெட்டர் நகரத்துப் புனிதை சிட்வெல்லின் சுரூபத்தைச் சாமியார் கொண்டுவந்து வைத்தார். ஊர்ப் பெண்கள் சாகும் காலத்தில் தங்கள் ஜெபமாலையை, மோதிரத்தை அவளுக்கென்று விட்டுப்போனார்கள். அப்படிச் சேர்ந்த வெள்ளியில் அவளுக்கு ஒரு வெள்ளிச் செருப்புச் செய்து போட்டார்கள்.

சாமியாருக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தவர்களுக்கான பூசையில் உடுத்த நல்ல கருப்பு உடுப்பு ஒன்று வேண்டும். தனக்குச் சேர வேண்டிய கம்பளித் தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) அதற்காக விட்டுக்கொடுத்தார். காசு காசாக, ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேர்த்தார்கள். 1547-இல் உடுப்பு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஹென்றி இறந்து, ஒன்பது வயது எட்வர்ட் அரியணை ஏறியிருந்தான். இறந்தவர்களுக்காகப் பூசை செய்வதே தவறு என்று சொல்லும் ஆட்சி. அந்த உடுப்புக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இந்த இடத்தை என்னால் இன்றைக்கும் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. சுரூபங்கள் போயின. விளக்குகள் போயின. விளக்கு இல்லாதபோது நிதி எதற்கு, நிதி இல்லாதபோது ஆடு எதற்கு? ஆடுகளை விற்றார்கள். விருந்தும் நின்றது. கோயில் பொருள்கள் விலைபோன 1548-இல் வார்டனாக இருந்தவர் லூசி என்ற பெண்மணி. சில உடுப்புகளை ஊரார் தங்கள் வீடுகளில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

1549 ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு. நாடு முழுக்க ஆங்கில ஜெபப் புத்தகம் நடைமுறைக்கு வந்த நாள். அதே டெவனில் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி என்ற ஊரில் ஞாயிறு வழிபாடு புதுப் புத்தகப்படி நடந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஊரார் தங்கள் சாமியாரை மறித்து, இன்றைக்கு எந்த வழிபாடு என்று கேட்டார்கள். சட்டப்படி புதியதுதான் என்றார். முடியாது என்று பழைய உடுப்பை உடுத்தச் சொல்லிப் பூசை வைக்கவைத்தார்கள். அங்கே மூண்டது, கார்ன்வாலில் எழுந்த கூட்டத்தோடு சேர்ந்து, எக்ஸெட்டர் நகரத்தை ஐந்து வாரம் முற்றுகையிடும் அளவுக்குப் போயிற்று. கார்ன்வால் ஜனங்கள் தங்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது என்று கோரிக்கையிலேயே எழுதினார்கள். ஆகஸ்டில் அரசுப் படை வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. எக்ஸெட்டரை ஒட்டிய புனித தோமா கோயிலின் சாமியாரைப் பூசை உடுப்போடு அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள்.

கணக்கை எழுதிய நம் ட்ரிக்கியின் ஊரும் ஐந்து இளைஞர்களை ஆயுதமும் வழிச்செலவும் கொடுத்துக் கிளர்ச்சிக்காரர்களின் முகாமுக்கு அனுப்பியது. அந்தச் செலவையும் அவர் கோயில் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். 33 குடும்பத்தில் ஐந்து பேர்.

மேரி வந்ததும், வீடுகளில் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குத் திரும்பி வந்தன. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று நன்றியோடு எழுதுகிறார் சாமியார். ஆறே ஆண்டுகளில் எலிசபெத்தின் சட்டம் வந்தது. ட்ரிக்கி விலகிப் போகவில்லை. ஆங்கில ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்னும் பதினைந்து ஆண்டுகள் அதே கோயிலில் நின்றார்.

அவரைப் போலி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அவர். அவர்களுடைய பெற்றோரை அடக்கம் செய்தது அவர். அவர் விலகிப் போயிருந்தால் வேறொருவர் வந்து அதே புத்தகத்தை வாசித்திருப்பார். இந்த ஜனங்களை அறியாத ஒருவர்.

பக்தியா, பயமா என்று தேன்மொழி கேட்டார். இந்தக் கணக்கை வாசித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. அவர்கள் இழந்ததில் பெரும்பகுதி, சேர்ந்து செய்வதற்கென்று அவர்கள் வைத்திருந்த வேலைகள். அவற்றில் மிகப் பெரியது இறந்தவர்களை நினைப்பது. முன்பெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துப்போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். ஆண்டுதோறும் அதைச் சத்தமாக வாசித்து, இவர்களுடைய ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள் என்பார்கள். இறந்தவர்களின் ஆத்துமா பரலோகம் போகும் முன் சுத்திகரிக்கப்படும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம்; அங்கே இருப்பவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களின் ஜெபம் உதவும் என்பது நம்பிக்கை. அடக்க நாளில் ஏழைகளுக்கு ரொட்டியும் காசும் கொடுப்பதும் அதற்காகத்தான். வாங்கியவர் ஜெபிக்க வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்று ஆனதும் அந்தப் பட்டியல் மௌனமாயிற்று. தன் தாத்தாவின் பெயரை வருடா வருடம் கோயிலில் கேட்ட ஒருவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதும் முக்கியம். 1547-இல் எட்வர்ட் அரசு எல்லாக் கோயிலிலும் ஏழைகளுக்கென்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னது. மேலே துவாரம், மூன்று சாவிகள். சுரூபத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் கொடுத்ததை இனி அதில் போடுங்கள் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஜனங்கள் அவ்வளவாகப் போடவில்லை. கேட்டுப் பார்த்து, வற்புறுத்திப் பார்த்து, கடைசியில் 1598, 1601 சட்டங்களில் அது கட்டாய வரியாகவே வந்து நின்றது. வசூலிக்கும் பொறுப்பு அதே சர்ச் வார்டன்களுக்கும், அவர்களோடு சேர்த்து நியமிக்கப்பட்ட ஏழைகள் மேற்பார்வையாளர்களுக்கும்.

பதில் 3 | குறிஞ்சி

ஏட்டுக்காரி அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் புதிய புராட்டஸ்டன்ட் மார்க்கம் மேலேயிருந்து வந்து விழுந்த இடி போல இருக்கிறது. கீழேயிருந்து அதற்காக ஏங்கியவர்களும் இருந்தார்களே?

1543-இல் ஹென்றியே ஒரு சட்டம் போட்டார். கைவினைஞர்கள், பயிற்சி வேலைக்காரர்கள், உழவர்கள், கூலிகள், சாதாரண வீட்டுப் பெண்கள் ஆங்கில வேதாகமத்தை வாசிக்கக் கூடாது. ஐந்தே ஆண்டுகள் முன்புதான் எல்லாக் கோயிலிலும் பெரிய ஆங்கில வேதாகமம் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள்! க்ளாஸ்டர்ஷயரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்று ஓர் ஆட்டிடையர். 1546-இல் தான் வாங்கிய வேறொரு புத்தகத்தில் கைப்பட ஒரு குறிப்பு எழுதி வைத்தார். இடையர்கள் வேதாகமம் வாசிக்கக் கூடாது என்று ஆன காலத்தில் இதை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும், செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டு எழுதியது என்று. மேய்ச்சல் குன்றில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டித் தன் மனக்குறையை எழுதிய அந்த மனிதருக்கு ஜெபப் புத்தகம் இழப்பாகத் தெரிந்திருக்காது.

இன்னொருவர் டார்பி நகரத்து ஜோன் வேஸ்ட். பிறவியிலேயே கண் தெரியாதவர். காலுறை பின்னுவார், அப்பாவின் கயிறு திரிக்கும் வேலைக்கு உதவுவார். அப்படிச் சேர்த்த காசில் ஒரு புதிய ஏற்பாடு வாங்கினார். வாசிக்க முடியாதே? கடனுக்காகச் சிறையில் இருந்த ஒரு முதியவரிடம் போய் தினமும் ஓர் அதிகாரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவரால் முடியாத நாளில் வேறு யாருக்காவது ஒன்றிரண்டு பென்னி கொடுத்து வாசிக்கவைத்தார். பல அதிகாரங்கள் மனப்பாடம். மேரியின் ஆட்சியில், 1556-இல், அவரை எரித்தார்கள். வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. இதை எழுதிவைத்தது புராட்டஸ்டன்ட் தரப்பு என்பது தெரியும். இருந்தாலும் மேரியின் காலத்தில் எரிக்கப்பட்ட சுமார் 280 பேரில் பெரும்பாலோர் நெசவாளர், கூலிகள் போன்ற எளியவர்கள், ஐம்பதுக்கும் மேல் பெண்கள் என்பதை மறந்துவிட முடியாது. லண்டன், எசெக்ஸ், கென்ட் பக்கத்தின் கதை டெவன் கதை இல்லை.

தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. அந்தக் கருப்பு உடுப்பையும் கண் தெரியாத ஜோனையும் ஒரே நாளில் வாசித்துவிட்டு மனம் கனத்துப் போயிருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தெரிய வேண்டும். 1559-க்குப் பிறகும் மனதளவில் கத்தோலிக்கராகவே இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார்கள்? கோயிலுக்கு வராதவரைக் காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரரின் வேலையா?

ஏட்டுக்காரி

குறிஞ்சி, நீங்கள் சொன்ன இருவரும் இந்தத் திரிக்கு வர வேண்டியவர்கள்தான். லண்டனும் கென்ட்டும் வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1558-இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது நாட்டில் பெரும்பாலான கோயில்கள் மோர்பாத்தைப் போன்றவை, கிராமத்தில் இருந்தவை. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தேன்மொழி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1559 சட்டப்படி ஞாயிறோ பெருநாளோ கோயிலுக்கு வராவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங், அபராதம். கூலிக்காரரின் ஒரு நாள் கூலியை விட அதிகம். அதை வசூலிக்க வேண்டியவர்கள் சர்ச் வார்டன்கள். வசூலானது அந்தப் பங்கின் ஏழைகளுக்குப் போக வேண்டும். ஆக, ஆம், பக்கத்து வீட்டுக்காரரின் வேலைதான். அவர் இந்த ஆண்டு வார்டன், அடுத்த ஆண்டு நீங்கள். யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? பல ஊர்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

நடுவழி ஒன்றும் இருந்தது. கணவர் கோயிலுக்கு வந்து உட்காருவார், நற்கருணை அப்பம் வாங்கும் நாளில் மட்டும் உடம்பு சரியில்லை என்பார். மனைவி வரவே மாட்டாள். சொத்து கணவர் பெயரில் இருப்பதால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும்; பழைய விசுவாசத்தை வீட்டுக்குள் மனைவி காப்பாற்றுவாள். எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்கள் இப்படித்தான் நீடித்தன. அதனால்தான் 1581-இல் அபராதத்தை மாதம் 20 பவுண்டாக ஏற்றினார்கள். மாதம் முழுக்க ஒரு வழிபாட்டுக்கும் வராதவர் முன்பு கட்ட வேண்டியிருந்தது சில ஷில்லிங்குகள்தான். 20 பவுண்டு என்றால் 400 ஷில்லிங். நிலமுள்ள பெரிய குடும்பங்களைக் குறிவைத்த தொகை.

யார்க் நகரத்தில் இறைச்சிக் கடைகள் இருந்த ஷாம்பிள்ஸ் தெருவில் மார்கரெட் க்ளிதரோ வாழ்ந்தார். கணவர் ஜான் இறைச்சி வியாபாரி, அரசு மார்க்கத்துக்காரர். மனைவிக்கு விதித்த அபராதங்களை அவர் கட்டிக்கொண்டே இருந்தார். 1585-இல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கச் சாமியாருக்கு இடம் கொடுத்தாலே மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1586 மார்ச்சில் வீட்டைச் சோதனை போட்டு, ஒரு சிறுவனை மிரட்டி, ரகசிய அறையைக் கண்டுபிடித்தார்கள். நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்று மார்கரெட் பதில் சொல்லவே மறுத்தார். பதில் சொன்னால் விசாரணை நடக்கும். விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் சாட்சி சொல்ல நேரும். பதில் சொல்லாதவருக்கு அன்றைய சட்டத்தில் ஒரே வழி: தரையில் கிடத்தி, மேலே ஒரு கதவை வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றிக்கொண்டே போவது. மார்ச் 25-இல் அப்படித்தான் இறந்தார். முப்பதை ஒட்டிய வயது. அந்த ஆண்டு யார்க் நகரத்தின் மேயர் மார்கரெட்டுடைய அம்மாவின் இரண்டாவது கணவர். காட்டிக்கொடுப்பது யாருடைய வேலை என்று கேட்டீர்களே, சில இடங்களில் பக்கத்து வீட்டைக் கூடத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

எல்லா ஊரும் யார்க் இல்லை என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் கில்ட் சேப்பல் என்ற சிற்றாலயத்தின் சுவர் நிறைய ஓவியங்கள் இருந்தன, இறுதித் தீர்ப்புக் காட்சி உட்பட. அவற்றை அழித்ததற்கு 2 ஷில்லிங் செலவு என்று நகரக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 1564-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவான கணக்கு. அதை ஒப்படைத்தவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், சில மாதங்களில் வில்லியமுக்குத் தகப்பன் ஆகப்போகிறவர். அழித்தார்கள் என்று கணக்கு சொன்னாலும், உண்மையில் ஓவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். 1804-இல் சுண்ணாம்பை எடுத்தபோது உள்ளே ஓவியம் இருந்தது. வேண்டுமென்றே காப்பாற்றினார்களா, செலவைக் குறைத்தார்களா என்று அந்த 2 ஷில்லிங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு முதலாவதை நம்பத்தான் ஆசை.

கரிகாலன்

ஜான் ஷேக்ஸ்பியரே பின்னால் கோயிலுக்கு வராதவர் பட்டியலில் இருந்தார் என்று படித்த ஞாபகம். அந்த 12 பென்ஸ் அபராதத்துக்கு எப்போதுதான் முடிவு வந்தது?

ஏட்டுக்காரி

ஆம், 1592 பட்டியலில் இருக்கிறார். கடன்காரர்கள் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து வரவில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைக் காரணமா, வார்டன்கள் பார்த்து எழுதிக் கொடுத்த சாக்கா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

முடிவு என்றால் 1689 சகிப்புச் சட்டம். அதுவும் திரித்துவத்தை ஏற்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கு மட்டும். கத்தோலிக்கர்கள் சட்டப்படி வழிபாட்டு இடம் வைத்துக்கொள்ள 1791 ஆயிற்று.

ஆனால் சட்டம் மாறும் முன்பே வேறொன்று மாறியது, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். 1670 ஆகஸ்டில் லண்டன் க்ரேஸ்சர்ச் தெருவில் குவேக்கர்கள் என்ற பிரிவினரின் வழிபாட்டுக் கூடத்தைப் பூட்டி, படைவீரர்களைக் காவல் வைத்தார்கள். வில்லியம் பென் தெருவிலேயே நின்று பிரசங்கம் செய்தார். அவரையும் வில்லியம் மீட் என்பவரையும் சட்டவிரோதக் கூட்டம் சேர்த்ததாக ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜூரியாக உட்கார்ந்த பன்னிரண்டு நடுவர்கள், லண்டன் குடிமக்கள். பென் அந்தத் தெருவில் பேசினார், அவ்வளவுதான் என்றார்கள்; அதைக் குற்றம் என்று சொல்ல மறுத்தார்கள். இரண்டு இரவு சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தும் மசியவில்லை. கடைசியில் குற்றமில்லை என்று தீர்ப்பு. அந்த நடுவர்கள் ஒவ்வொருவருக்கும் நீதிபதிகள் 40 மார்க் அபராதம் போட்டார்கள். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். எட்வர்ட் புஷல் என்பவரும் வேறு சிலரும் கட்ட மாட்டோம் என்று நியூகேட் சிறைக்குப் போனார்கள். அங்கிருந்தே வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி வான், தீர்ப்புச் சொன்னதற்காக நடுவர்களைத் தண்டிக்க முடியாது என்று சொல்லி விடுவித்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் குவேக்கர் இல்லை.

தேன்மொழி, நீங்கள் அடுத்து வாசிப்பதாக இருந்தால் உயில்களைப் பாருங்கள். முதல் வரியே பேசும். 1530-இல் எழுதியவர் தன் ஆத்துமாவைக் கடவுளுக்கும், மாதாவுக்கும், பரலோகத்தில் உள்ள எல்லாப் புனிதர்களுக்கும் ஒப்படைப்பார். 1590-இல் எழுதியவர் கிறிஸ்துவின் பாடுகளால் மட்டுமே மீட்பு என்பார். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பல உயில்களை எழுதியது ஊர்ச் சாமியாரோ எழுத்தரோதான்; படுக்கையில் கிடப்பவர் சொல்லச் சொல்ல, தனக்குப் பழகிய வாசகத்தைப் போட்டுவிடுவார். அதனால் முதல் வரியோடு நிறுத்தாமல், தன் பசுவை யாருக்கு விட்டார், அடக்க நாளில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்கச் சொன்னாரா என்பதையும் பாருங்கள். அதை அந்த மனிதர்தான் சொல்லியிருப்பார்.